வீட்டில் அம்மா மட்டும்தான்

தம்பி,

உன் இன்லண்டு லெட்டர் போன வியாழக்கிழமை வந்தது. வழக்கமாக ஒரு தடவை படித்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுகிறவள், இதை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை படிக்கும்போது பெருமையில் கண் கலங்கியது. கல்யாணப் பத்திரிகையில் என்ன அச்சடிக்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாயே, “சாதியும் சடங்கும் நீங்கிய நவீன மனிதர்களாக, மனிதரை மனிதர் மதிக்கும் இல்லறத்தைத் தொடங்குகிறோம்” என்று, அதைப் பக்கத்து வீட்டு வாத்தியாரிடம்கூடப் படித்துக் காட்டினேன். எட்டாம் கிளாஸ் படித்த ஒருத்தி பெற்ற பிள்ளை இப்படி எழுதுகிறான் என்று அவரே சொன்னார். அப்புறம்தான் கடிதத்தைத் திருப்பினேன். பசை தடவும் ஓரத்துக்குப் பக்கத்தில், மடிப்புக்குள், எறும்பு ஊர்ந்தமாதிரி பொடி எழுத்தில் இன்னும் ஐந்து வரி எழுதியிருந்தாய். அத்தையின் கால் புண்ணுக்குக் கல்யாண வாரத்தில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாமா, ஒரு வாரம் நல்ல கவனிப்பு கிடைக்கும், கூட்டத்தில் நிற்க அவங்களுக்கும் கஷ்டம், அவங்களுக்கும் நல்லது என்று. நல்ல விஷயத்தைப் பெரிய எழுத்தில் எழுதுகிறவன் அதே நல்ல எண்ணத்தோடு எழுதினதை எதற்கு மடிப்புக்குள் எழுதுகிறான்? அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

அம்மாவுக்கு எதிலும் சந்தேகம்தான் என்று நீ அலுத்துக்கொள்வாய். அலுத்துக்கொள். சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். உன் அப்பா கிணற்று மண் சரிந்து போன மறு வருஷம், பெருநோய் சர்வே டீமில் என்னை எடுத்தார்கள். படித்திருக்கிறேன் என்பதற்காக எடுக்கவில்லை. டீமில் இருந்தவர்கள் ஆம்பிளைகள். முதுகைக் காட்டு, தொடையைக் காட்டு என்று அவர்கள் போய்க் கேட்டால் நம்ம பக்கத்துப் பொம்பிளைகள் துடைப்பக்கட்டையை எடுப்பார்கள். அதனால் கூட ஒரு பொம்பிளை வேண்டியிருந்தது. திருவிடந்தையில் தொடங்கி மாமல்லபுரத்துக்குத் தெற்கே வரைக்கும் கடலோரக் குப்பங்களில் நான் பார்க்காத முதுகு இல்லை. ஒரு தகர டப்பாவில் கோழி இறகும் குண்டூசியும் இருக்கும். வெளுத்த தேமல் ஏதாவது கண்ணில் பட்டால், கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி இறகால் தொடுவேன். தொட்ட இடத்தை அவர்கள் விரலால் காட்ட வேண்டும். காட்டத் தெரியவில்லை என்றால், அங்கே உணர்ச்சி செத்துவிட்டது, ரிஜிஸ்டரில் பேர் ஏறும், மாத்திரை ஆரம்பிக்கும். இத்தனை வருஷம் இதைச் செய்து செய்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யாரைப் பார்த்தாலும் காது மடல் தடித்திருக்கிறதா, புருவம் கொட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அவர்கள் சிரித்தார்களா என்பது அப்புறம்தான் தெரியும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் பெண் வீட்டுக்குப் பூ வைக்கப் போன அன்றைக்கு நான் செய்த ஒரு காரியத்தை நீ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். கலைச்செல்விக்கு வளையல் போடும்போது அவள் கையை எவ்வளவு ஆசையாகப் பிடித்துக்கொண்டிருந்தாய் அம்மா, அவள் வீட்டில் எல்லாருக்கும் மனசு குளிர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். ஆசையும் இல்லை, ஒன்றும் இல்லை. முழங்கை எலும்புக்குப் பின்னால் ஒரு நரம்பு ஓடுகிறது. இந்த நோய் வந்தால் அது கயிறாகத் தடித்துவிடும். இடது கையால் வளையலை ஏற்றிக்கொண்டே வலது கை விரலால் அதைத்தான் உருட்டிப் பார்த்தேன். இரண்டு கையிலும் பார்த்தேன். நரம்பு நல்லபடியாக இருந்தது, அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தலையில் பூ வைத்தேன். ஜாதகம் பார்க்காத கல்யாணம் என்று நீ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், உன் அம்மா அவளுக்கு இந்த ஜாதகம் பார்த்து முடித்துவிட்டாள். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுத வேண்டியதில் இது சின்னது.

இனி பெரியதைச் சொல்கிறேன். உன் அத்தை பவுனம்மாவின் விரல்கள் மடங்கிப்போனது, நீ நினைப்பதுபோல அவள் உடம்பைக் கவனிக்காமல் விட்டதால் இல்லை. அப்படித்தான் உனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். புருஷன் வேறொருத்தியைக் கொண்டுவந்தான் என்று அவள் தம்பி வீட்டுக்கு, அதாவது நம் வீட்டுக்கு வந்தபோது நீ கைக்குழந்தை. உன் அப்பா போனபின், நான் காலையில் ஆறு மணி பஸ்ஸுக்கு சர்வேக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவேன். உன்னைக் குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, அம்மை போட்டபோது வேப்பிலையால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் அவள். நீ மூன்றாம் கிளாஸ் படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொதிக்கிற சோற்றுப் பானையை அவள் துணி இல்லாமல் கையாலேயே இறக்கினாள். அத்தைக்கு சூடே உறைக்காது என்று நீ கைதட்டினாய்.

அன்றைக்குப் பின்பக்கம் அவளை உட்காரவைத்து, எங்கள் டீமில் புதிதாக ஒரு சோதனை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், செய்து பழக வேண்டும் அண்ணி என்று பொய் சொல்லி, கண்ணை மூடச் சொன்னேன். இடது முழங்கைக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுத்திருந்தது. இறகால் தொட்டேன். அவள் அசையவில்லை. இன்னொரு தடவை தொட்டேன். மூன்றாவது தடவையும் தொட்டேன்.

“எப்பம்மே தொடுவ? எவ்ளோ நேரம் கண்ண மூடிக்கினு குந்திக்கினு இருக்கறது?” என்றாள்.

கண்ணைத் திற அண்ணி, ஒன்றுமில்லை, தேமல்தான் என்று சொல்லிவிட்டேன். ரிஜிஸ்டர் என் பைக்குள்ளேயே இருந்தது. எழுதவில்லை. சர்வே செய்கிறவள் வீட்டிலேயே பெருநோய் என்று தெரிந்தால் நாளைக்கு எந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்கும்? என் வேலை அப்போது நிரந்தரம்கூட இல்லை. உன்னைப் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்காரவைத்தால் என்ன செய்வேன்? நம்ம காலனிப் பிள்ளைகளைப் பெஞ்சில் உட்காரவைக்கவே உன் அப்பா எவ்வளவு சண்டை போட வேண்டியிருந்தது என்பது உனக்குத் தெரியும். இதெல்லாம் காரணம்தான். ஆனால் இதே காரணங்களைச் சொன்ன எத்தனை பேரிடம் நான் வாசலில் நின்று கத்தியிருக்கிறேன். மறைக்காதே, ஆரம்பத்தில் மாத்திரை சாப்பிட்டால் ஒரு விரல்கூட போகாது, இது சாபம் இல்லை, கிருமி என்று. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை, தம்பி. ரிஜிஸ்டரில் பேர் இல்லாததால் மாத்திரையும் இல்லை. சுண்டு விரல் மடங்கியது, பிறகு பக்கத்து விரல். அடுப்பில் சுட்டுக்கொண்ட புண் ஆறாமல் சீழ் வைத்தபிறகுதான் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனேன். அங்கேயும் ஊர்ப் பேரை மாற்றித்தான் சொன்னேன். மூன்று வருஷம் முன்னால் வந்திருந்தால் இந்தக் கை இப்படி ஆகியிருக்காதே அம்மா, யாரும் உங்கள் பக்கம் சர்வேக்கு வரவில்லையா என்று டாக்டர் என்னைக் கேட்டார். வரவில்லை என்றேன். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

இன்றுவரைக்கும் அவளுக்கு இது தெரியாது. தெரியாதது மட்டும் இல்லை, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருப்பது என்ன தெரியுமா? என் தம்பி பொண்டாட்டி கூட்டிக்கினு போகலன்னா எனுக்குக் கையே இருந்திருக்காது என்று. என் காதுபடச் சொல்வாள். நான் ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவேன்.

அந்தத் தேமலைப் பார்த்த வாரத்திலேயே அவளுக்குத் தனி லோட்டா வைத்தேன். பின்சுவரில் ஒரு ஆணி அடித்து, அலுமினிய லோட்டா ஒன்றை மாட்டி, உங்களுக்கு உடம்பு சூடு அண்ணி, தனியாகக் குடித்தால் உங்களுக்கும் நல்லது என்று சொன்னேன். நீ மடிப்புக்குள் எழுதியிருந்த அதே வார்த்தை. மாத்திரை ஆரம்பித்து வருஷக்கணக்காகி, அவளிடமிருந்து இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தபிறகும் லோட்டா அந்த ஆணியில்தான் இருந்தது. ஒட்டாது என்று ஊர் ஊராகப் படம் போட்டுக் காட்டினவள் நான். அறிவுக்குத் தெரியும். கை கேட்கவில்லை.

நீ பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் நான் கோபமாக வீட்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? சர்வேக்குப் போன ஓர் ஊரில், டீமில் இருந்த மூன்று பேரும் டீக்கடையில் உட்கார்ந்தோம். மற்ற இரண்டு பேருக்கும் கண்ணாடி கிளாஸ். எனக்கு மட்டும், நம்ம தெரு ஆட்களுக்கென்று மூங்கிலில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த கிளாஸிலிருந்து ஒன்று வந்தது. என் நெற்றியில் எழுதி ஒட்டியிருந்ததா, அந்த ஊரில் யாராவது சொன்னார்களா, தெரியாது. டீயை அப்படியே தரையில் ஊற்றிவிட்டு, நாளைக்கு உனக்குத் தேமல் வந்தால் இந்தக் கையால்தானே தொட்டுப் பார்க்க வேண்டும், அப்போது மட்டும் தீட்டு இல்லையா என்று கேட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உங்கள் இரண்டு பேரிடமும் நடித்தே காட்டினேன். நீ சந்தோஷத்தில் குதித்தாய். உன் அத்தை, நல்லாக் கேட்ட போ, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்த லோட்டாவைக் கழுவி, ஆணியில் மாட்டினாள். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்ததா என்று இப்போது கிடந்து யோசிக்கிறேன். அவள் கேலியாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா? அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

நிலாவில் மனுஷன் இறங்கியதும் நீ பத்தாவது படித்த அந்தக் காலத்தில்தானே? பேப்பரைப் பிடித்துக்கொண்டு நீ அவளுக்குக் கத்திக் கத்திப் படித்துக் காட்டினாய். இனிமேல் மனுஷ ஜாதி ஒன்றே ஒன்றுதான் அத்தை, எல்லாம் மாறிவிடும் என்றாய். அங்கே போய் இன்னா பண்ணப் போறானுங்க, அங்கயும் ஒரு பக்கம் ஊர்த்தெரு, ஒரு பக்கம் காலனி என்று கயிறு புடிப்பானுங்க என்று அவள் சொன்னாள். நாம் இரண்டு பேரும் அவளைப் பார்த்துச் சிரித்தோம், விவரம் தெரியாதவள் என்று. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயோ பின்னாலேயோதான் உனக்குக் கட்டுரைப் போட்டியில் பரிசு கொடுத்தார்கள். அவள் ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்பு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட கேட்டில் நின்றாள். அந்தச் செருப்பைப் பார்த்தாலே நம்ம பக்கத்தில் எல்லாருக்கும் இன்ன நோய் என்று தெரியும். நீ பரிசோடு வந்தவன், அவளைப் பார்க்காததுபோல மற்ற பையன்களோடு மறு பக்கமாகப் போய்விட்டாய். நான் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை அதட்டியிருக்க வேண்டும். பிள்ளை பிழைக்கத் தெரிந்தவன் என்று மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது, அதுதான் உண்மை. ஆகையால் உன்மேல் மட்டும் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. லோட்டாவைப் பார்த்துத்தானே நீ வளர்ந்தாய்.

உன் கடிதத்தை வழக்கம்போல வியாழக்கிழமை மாலை அவளுக்குப் படித்துக் காட்டினேன். உன் கடிதம் என்றால் அவளுக்கு ஒரு வரி விடாமல் கேட்க வேண்டும். பத்திரிகை வாசகம் வரைக்கும் படித்தேன். மடிப்புக்குள் இருந்ததை விட்டுவிட்டு, அத்தை முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று எழுதியிருக்கிறான் என்று நானே சேர்த்துப் படித்தேன். ஐயர் இல்லை, ஓமம் இல்லை, மாலை மாற்றி முடித்துவிடுவார்களாமே, அப்போ அத்தைக்கு அங்கே இன்னா வேலை என்று கேட்டாள். ஆனால் அடுத்த நாளே புடவையை எடுத்துத் துவைத்துக் கஞ்சி போட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கேள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நம் வீட்டு வாசலில் கலைச்செல்வி வந்து நின்றாள். தனியாக, சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து செங்கல்பட்டு வந்து, பஸ் மாறி. உன் அத்தை வாசலில் சவுக்குச் சருகு கூட்டிக்கொண்டிருந்தவள், யாரோ மரியாதையான வீட்டுப் பெண் என்று பார்த்ததும் கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அந்தப் பெண் நேராகக் கேட்டாள். அவள் பள்ளிக்கூடத்துக்கு சர்வே டீம் வந்தபோது, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பிடித்துக்கொள்ளும் வேலை டீச்சர் என்று அவளுக்குத்தானாம். வளையல் போட்டபோதே என் விரல் எதைத் தேடுகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். வேலைப் பழக்கமா, இல்லை வீட்டில் யாருக்காவது இருந்து அந்தப் பயமா என்று இத்தனை நாளாகக் குழம்பிவிட்டு வந்திருக்கிறாள். என் சாமர்த்தியம் அவ்வளவுதான். நான் அவளைச் சந்தேகப்பட்டேன், அவள் என்னைச் சந்தேகப்பட்டாள், இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு பூ வைத்துக்கொண்டோம்.

நான் பதில் சொல்வதற்குள், வெயிலில் வந்தவள், தாகமாக இருக்கிறது என்று தானே எழுந்து பின்பக்கம் போனாள். பானைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற ஆணியில் லோட்டா. எடுத்து மொண்டு வாய் வைத்துவிட்டாள். நான் கத்தினேன். “ஐயையோ, அது வேணாம்மா, கீழ வை!”

உன் அத்தை அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள், தம்பி. அந்தப் பெண் லோட்டாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு முந்தானைக்குள் இருந்த கையைப் பார்த்தாள். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எத்தனை ஊரில் எத்தனை வருஷம் பேசியிருக்கிறேன், ஒரே வாயில் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டேன். உன் அத்தைதான் முதலில் பேசினாள். அவளுக்கு என்மேல் கோபம் இல்லை, அந்தப் பெண்ணுக்குத் தைரியம் சொன்னாள். ஒண்ணும் ஆவாதும்மா, டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு, சும்மா எங்கம்மா ஒரு பயந்தாங்கொள்ளி என்றாள். என்னைத்தான் அப்படிச் சொன்னாள். சொல்லிவிட்டு, நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா என்று கேட்டாள்.

பஸ் ஏற்றிவிடப் போகும்போது, அது உன் அத்தை, உன்னை வளர்த்தவள் என்று சொன்னேன். அதற்குச் சாலையில் நின்று கலைச்செல்வி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவரு எங்கிட்ட வீட்ல அம்மா மட்டும்தான்னு சொல்லியிருக்காரும்மா. அந்த அம்மா கைய பாத்து நான் ஓடிட மாட்டேன். ஆனா வளத்தவங்களையே இல்லேன்னு சொல்றவரு, நாளைக்கு எனுக்கு ஒண்ணுன்னா இன்னா சொல்வாரு?” பத்திரிகை அச்சுக்குப் போவதற்குள் நீயாக அவளிடம் சொல்கிறாயா என்று பார்ப்பாளாம். அவள் வந்ததை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டாள். நான் கொடுத்தேன். பஸ் வருகிற நேரத்தில் குரலைத் தாழ்த்தி, அந்த லோட்டாவில் குடித்ததால் நிஜமாகவே ஒன்றும் ஆகாதே என்று கேட்டாள். ஆகாதும்மா என்றேன். தலையை ஆட்டினாள். பஸ்ஸில் உட்கார்ந்தபிறகு ஜன்னலோரம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அவளை நான் குறை சொல்லவில்லை. பயம் இருந்தும் கேட்க வந்தாளே.

இரண்டு நாள் தூங்கவில்லை. வாக்கைக் காப்பாற்றினால் நீ அவளை இழந்துவிடுவாயோ என்று பயம். உடைத்தால் நீ ஒரு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போய், ஒரு விஷயம் உன்னிடம் மறைத்துவிட்டேன் கலை, மனசு கேட்கவில்லை என்று உருகி, எதுவும் தெரியாதவன் மாதிரி நடித்துவிடுவாயோ என்று சந்தேகம். செய்ய மாட்டாய் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என் பிள்ளைதானே நீ. கடைசியில் இன்று காலை அவளுக்கு ஒரு கார்டு போட்டேன். வாக்கை உடைக்கிறேன் அம்மா, மன்னித்துக்கொள், தானாகவே வந்து சொன்னதாக அவன் நடிக்க முடியாதபடி, நீ வந்ததையும் சேர்த்து அவனுக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்று. அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆகவே நீயாகவே சொல்லியிருப்பாய் என்று அவளிடம் நிரூபிக்க உனக்கு இனி வழியே இல்லை. அந்த வழியை அடைத்தது நான். அதற்காக நீ என்னைத் திட்டலாம், அது நியாயம். அவள் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லிவிடுவாள், அதற்கும் தயாராக இரு.

நவீன மனிதன் என்று நீ எழுதியிருந்தாயே, அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீ படித்தவன், தப்பென்றால் திருத்திக்கொள். முன்னெல்லாம் ஒதுக்குகிறவன் தூரப் போ, நீ தீட்டு என்று முகத்துக்கு நேரே சொல்லித்தான் ஒதுக்கினான். அவன் யாரென்று நமக்குத் தெரியும், டீயைத் தரையில் கொட்டிவிட்டு வரலாம். இப்போது நாம் ஒதுக்கும்போது உங்களுக்கும் நல்லது என்கிறோம். ஆஸ்பத்திரிக் கட்டில், நல்ல கவனிப்பு என்கிறோம். உன் அத்தை யார்மேல் எதைக் கொட்டுவாள்? நிலாவுக்குப் போனவனும் பத்திரிகையில் பெரிய வார்த்தை போடுகிறவனும் இருக்கட்டும். ஒருத்தரிடம் மறைத்ததை அவரிடமே போய்ச் சொல்கிறவன் நம்ம வீட்டில் இதுவரைக்கும் ஒருத்தரும் இல்லை, நானும் இல்லை. இப்படி நல்ல நல்ல வார்த்தையாக எழுதுவதில்கூட நான் என்னைக் கொஞ்சம் பெரிய மனுஷியாகக் காட்டிக்கொள்கிறேனோ என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது. இதோடு நிறுத்துகிறேன்.

வளர்த்தவளை நீ இல்லை என்று சொன்னது இப்போது கலைச்செல்விக்குத் தெரியும், உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உன் அத்தைக்கு மட்டும்தான் தெரியாது. வந்த பெண்ணை யாரென்று இன்னும் நான் அவளுக்குச் சொல்லவில்லை. டவுனில் வேலை பார்க்கிற டீச்சர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் கஞ்சி போட்ட புடவையை மடித்துப் பெட்டிமேல் வைத்துவிட்டு, உன் கல்யாணத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வா. வந்து அவள் முன்னால் உட்கார். வீட்டில் அம்மா மட்டும்தான் என்று நீ சொன்னதை நீ சொல்ல வேண்டும். ரிஜிஸ்டர் பையில் இருந்தும் அவள் பேரை எழுதாமல் விட்டதை நான் சொல்கிறேன். என்னுடையதுதான் பெரியது, நானே முதலில் சொல்கிறேன். அவள் உடனே, பரவால்ல வுடு நைனா, இன்னா இப்போ, சாப்ட்டியா என்று கேட்டுவிட்டு எழுந்து அடுப்புக்குப் போகப் பார்ப்பாள். அதை நம்பி நீ எழுந்துவிடாதே. நம் இரண்டு பேருக்காகவும் இத்தனை வருஷமாக அவள் அப்படித்தான் எழுந்து போய்க்கொண்டிருக்கிறாள். அவள் கையைப் பிடித்து உட்காரவை, முந்தானைக்குள் இருந்து வெளியே எடுத்துப் பிடி. அவளுக்குக் கோபம் வர வேண்டும். அவள் நம்மைத் திட்ட வேண்டும். எவ்வளவு நேரமானாலும் அதுவரைக்கும் நாம் எழுந்திருக்கக் கூடாது.

ஊரில் எந்த வாசலிலும் நான் பயந்து நின்றதில்லை. இதற்குப் பயமாக இருக்கிறது, தம்பி. நீ வந்து பக்கத்தில் இரு.

அம்மா